வெறுங்கையில் எடுத்த படம்

அந்தப் பையைக் கீழ வச்சிராதிய தம்பி. சீட்டுக்கு அடியில வேண்டாம், டிரைவரு பிரேக்கு போட்டான்னா உருண்டுரும். மடியிலயே கொஞ்சம் வச்சுக்கிடுங்க, நான் வேட்டியச் சரி பண்ணிக்கிடுதேன். ஆங், இப்ப குடுங்க. பச்சப் புள்ளைய வாங்குத மாதிரி வாங்கணும் இத.

உள்ள என்னன்னு பாக்கிய. எல்லாரும் பாப்பாவ. ஒரு கண்டக்டரு பம்புசெட்டு மோட்டாரான்னு கேட்டு லக்கேஜ் போடணும்னு ஒத்தக் காலுல நின்னாரு. லென்ஸு தம்பி. கேமரா லென்ஸு, அறுநூறு எம்.எம். அக்கரையில நிக்க நாரையோட கண்ணு மேல ஈ உக்காந்தா இக்கரையில இருந்து தெரியும். எங்க ஊருப் பயலுவ பீரங்கிம்பானுவ.

நீங்களும் மூலைக்கரைப்பட்டிதானா? அப்ப சரி, பேசிக்கிட்டே போவலாம். எம் பேரு சொரிமுத்து. முத்து ஸ்டுடியோன்னு கேட்டா கொஞ்சம் யோசிப்பாவ. வெறுங்கை முத்துன்னு கேளுங்க, சட்டுனு காட்டுவாவ. கையில காசு இல்லாதவன்னு நெனச்சிராதிய. அதுவும் நெசந்தான், ஆனா பேரு அதனால வரல.

அந்தா, முன்னால பொம்பளையாளு சீட்டுல, நீலச் சேல, சன்னலோரம். அதான் எங்க வீட்டுல, ஆவுடையம்மா. அவளுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. பாளையங்கோட்டையில நரம்பு டாக்டரப் பாத்துட்டு வாரோம். நடுக்கம். அவளுக்கு. பாத்தா தெரியாது. பஸ்ஸு இந்தக் குலுக்கு குலுக்குது, அவ தலை ஆடுதா பாருங்க. ஆடல. அதான் ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்கு. தோளுல லென்ஸ வச்சாத்தான் தெரியும்.

மொதல்ல இருந்து சொல்லிருதேன். இல்லன்னா என்னையத் தப்பா நெனப்பிய.

எங்க குளத்துக்கு ஐப்பசி பொறந்தா பறவ வந்து எறங்கும். கூழைக்கடா, நாரை, அரிவாள்மூக்கன்னு மரம் தெரியாது, பறவதான் தெரியும். அதுக பயந்துரும்னு நாங்க தீவாளிக்கி வெடி போட மாட்டோம். கேள்விப்பட்டிருப்பிய. படம் எடுக்க வெளியூரு ஆளுக வருவாவ. வரும்போதே மூணு காலு ஸ்டாண்டு ஒண்ணத் தூக்கிட்டு வருவாவ. எங்க கரை பூராவும் வண்டலு. ஒரு காலு பொதையும், ஒரு காலு கல்லுல நிக்கும், இன்னொண்ணு அந்தரத்துல ஆடும். மூணையும் சரி பண்ணி முடிக்கதுக்குள்ள பறவ புள்ள பெத்து, வளத்து, கட்டிக் குடுத்துட்டுப் போயிரும். நான் அப்படி இல்ல. நான் வெறுங்கையில எடுப்பேன்.

சும்மா சொல்லல. அதுக்கு ஒரு மொற இருக்கு. எடது உள்ளங்கையில லென்ஸோட வயித்தத் தாங்கணும். முழங்கைய விலாவோட ஒட்டிரணும். கேமராவ புருவத்துல அழுத்திப் பிடிக்கணும். மூச்ச இழுத்து, பாதிய விட்டு, மீதிய நிறுத்தணும். அந்த எடைவெளியில வெரலு. அமுக்கக் கூடாது, தடவணும். லென்ஸுலயே நடுக்கத்த நிறுத்துத சுவிட்சு ஒண்ணு வச்சிருப்பான். நான் அதத் தொட்டதில்ல. நடுங்கினாத்தான அது வேணும்? படத்துக்குக் கீழ பேரு போடும்போதே 'வெறுங்கையில் எடுத்தது'ன்னு சேத்துப் போடுவேன். ஊரு பேரு தெரியாதவன்கூட அந்த வரியப் பாத்துட்டு நம்ம படம்னு சொல்லிருவான்.

இவ எங்கன இதுல வந்தான்னு கேப்பிய. கல்யாணமான புதுசுல கரைக்கி எனக்குச் சோறு கொண்டாருவா. அன்னைக்கி நான் ஒரு நாரைக்காகக் காத்துக் கெடந்து, கை ஓஞ்சு போயி நிக்கேன். ஏளா, இப்படி எனக்கு முன்னால உக்காருன்னேன். உக்காந்தா. அவ தோளுல துண்ட மடிச்சுப் போட்டு, லென்ஸ அதுல சாச்சு ஒரு படம் எடுத்தேன். அய்யோ, ஒவ்வொரு எறகும் தனித்தனியா நின்னுச்சு. அன்னையில இருந்து அப்படித்தான். சோத்துச் சட்டிய எறக்கி வச்சுட்டு அவளே வந்து முன்னால உக்காந்திருவா.

உங்க மொகம் போற போக்கு தெரியுது. பொறவு அது எப்படிய்யா வெறுங்கைன்னு கேக்கிய. ஒரு கூட்டத்துல ஒருத்தன் இதையே கேட்டான். நான் சொன்னேன், ஸ்டாண்டுக்குக் காலு மூணு, கடையில விக்கும். பொண்டாட்டி கடையில விக்காளா? தாலி கட்டின பொறவு அவ தோளு யாரு தோளு? எந்தோளுல்லா. எந்தோளுல வச்சு நான் எடுத்தா அது வெறுங்கைதான? கேட்டவன் டீ குடிக்க எந்திச்சுப் போயிட்டான்.

அவளுக்குப் பறவையப் பத்தி ஒண்ணும் தெரியாது. எல்லாம் கொக்குதான் அவளுக்கு. ஆனா பறவ கெளம்புனா அதும்போக்குல தோளத் தூக்கிக் குடுப்பா. அது பெரிய வித்த ஒண்ணுமில்ல, பழக்கம். நான் 'மூச்சு'ம்பேன். ரெண்டு பேரும் நிறுத்துவோம். கிளிக்கு விழுந்த பொறவு ரெண்டு பேரும் விடுவோம். வீட்டுல என்ன சண்டைன்னாலும், கரையில மூச்சு ஒண்ணாத்தான் நிக்கும்.

இந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் தொறந்து தாரியளா? கம்பெனிக்காரன் என்னமா இறுக்கி வச்சிருக்கான் பாருங்க. ஆங், போதும்.

இந்த வருசந்தான் நாசமாப் போச்சு. போன வருசமே கொஞ்சம் கோளாறுதான், ஆனா சமாளிச்சேன். இந்த வருசம் ஒண்ணும் ஓடல. அதுவும் எந்த வருசத்துல? மெட்ராஸுல பறவ பாக்குதவங்க சங்கம் ஒண்ணு இருக்கு. எங்க குளத்தப் பத்திப் புஸ்தகம் போடுதாவ. அதப் பாக்கது நித்திலான்னு ஒரு பொண்ணு. தங்கமான பொண்ணு. போனுல சொல்லுது, அண்ணாச்சி, அட்டையில உங்க படந்தான், கூழைக்கடா குஞ்சுக்கு ஊட்டுதத நீங்க வெறுங்கையில எடுத்துத் தரணும்னு. ஸ்டுடியோவுக்கு இப்ப யாரு வாரா? பாஸ்போர்ட் சைஸுக்குக்கூட செல்லுல எடுத்துக்கிடுதான். எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு பேருதான். அது அட்டையில வரப்போவுது.

ஊட்டுதத நேருல பாத்திருக்கியளா? தாய் வாயத் தொறக்கும். குஞ்சு தலைய, கழுத்த எல்லாத்தையும் உள்ள விட்டுரும். தாய் புள்ளைய முழுங்குதுன்னுதான் தோணும் பாக்கவனுக்கு. குஞ்சு தலைய வெளிய எடுக்கும்பாருங்க, அப்ப ஒரு நொடி ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிடும். அந்த நொடிதான் எனக்கு வேணும்.

தை பூரா எடுத்தேன். மாசி பூரா எடுத்தேன். கம்ப்யூட்டருல போட்டுப் பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு அலகு, நாலு கண்ணு. ஏளா அசைஞ்சியான்னு கேட்டேன். இல்லியே, காத்து அடிக்குல்லான்னா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொன்னேன். தனக்குக் கோளாறுன்னா ஒத்துக்கிடணும், காத்து மேல பழி போடக் கூடாது பாருங்க. மறுநாளு மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நேரம் என் மொகத்தையே பாத்துட்டு, ஆமா, அசைஞ்சிருப்பேன் போலன்னா. அவ வாயாலயே சொன்னா.

சொன்னா மட்டும் போதுமா? நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். அவளுக்குக் காப்பிய நிறுத்துனேன். சக்கர இருக்கான்னு ரத்தம் பாத்தேன், இல்ல. முதுகுக்குப் பின்னால ஒரு பனந்தடிய ஊணி, சாஞ்சு உக்காருன்னேன். உக்காந்தா. அப்பவும் ஆடுது. மூச்ச இன்னும் நேரம் நிறுத்துன்னேன். கண்ணு செவக்க நிறுத்துனா. அப்பவும் ஆடுது. லென்ஸுல கோளாறோன்னு சர்வீசுக்கு அனுப்புனேன். நல்லாத்தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டான். அப்ப இவதான? வேற என்ன இருக்கு? லென்ஸு இருக்கு, இவ தோளு இருக்கு. அவ்ளதான இருக்கு?

திட்டுனேன். மறைப்பானேன், கரையில நாலு பேரு நிக்கையிலயே திட்டுனேன். ஒரு மனுசனுக்கு இருக்கது ஒரு பேரு, அதையும் கெடுக்கியே மூதேவின்னு கேட்டேன். எரும மாட்டு மேல மழ பேஞ்ச மாதிரி உக்காந்திருக்கா. வெளியூருக்காரங்க ஸ்டாண்டு பக்கம் திரும்பிக்கிட்டாவ. அவ துண்ட எடுத்து உதறி, மறுபடியும் மடிச்சுத் தோளுல போட்டுட்டு, எடுங்க, வந்துட்டுங்கா. கூழைக்கடா வந்துட்டாம்.

நடுவுல அவளுக்குக் காச்சலு. படுத்துட்டா. சரி, சனியன் விட்டுதுன்னு நான் மட்டும் போனேன். மடைச் சுவத்து மேல துண்டப் போட்டு லென்ஸ வச்சேன். சுவரு, கருங்கல்லு, வெள்ளைக்காரன் காலத்துலயோ எப்பவோ கட்டுனது. அன்னைக்கின்னு குஞ்சு கண்ணு முன்னால நிக்கி, தாய் வாயத் தொறக்கு, நான் மூச்ச நிறுத்துதேன். நல்லா எடுத்தேன் தம்பி. வீட்டுக்கு வந்து பாத்தா அதுவும் ஆடியிருக்கு. காத்து. அன்னைக்கி சரியான காத்து.

யாரு, நானா? நான் எப்பம் காத்து மேல பழி போட்டேன்? இது நெசக் காத்து. நீங்க ஒண்ணு.

பங்குனி முடியப் போவுது. குஞ்செல்லாம் எறக்க அடிக்க ஆரம்பிச்சிட்டு. இன்னும் ஒரு வாரம் போனா கூடு காலியாயிரும். நித்திலா போனு பண்ணுது, நான் எடுக்கல. என்னத்தச் சொல்ல? ராத்திரி தூக்கம் இல்ல. கடைசியில, இவளுக்கு வைத்தியம் பாத்துருவோம், ஒரு ஊசியோ மாத்திரையோ போட்டு இந்த வாரத்த ஓட்டிருவோம்னுதான் கூட்டிட்டுப் போனேன். கூப்புட்டதும் வந்துட்டா. எதுக்கு, எவ்வளவு செலவுன்னு ஒரு கேள்வி கேக்கல. நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டு மொத ஆளா பஸ் ஸ்டாப்புல நிக்கா. டாக்டருக்குக் காட்டணும்னுதான் இந்த லென்ஸையும் தூக்கிட்டுப் போனேன். தோளுல வச்சாத்தான தெரியும்?

சட்டையில சிந்திட்டா? பரவால்ல, தண்ணிதான. பஸ்ஸு இப்படிக் குலுக்குனா என்ன செய்ய. நிக்குதா? எப்பம் நின்னுச்சு? ஆமா, ஆளு ஏறுது. நான் கவனிக்கல.

டாக்டரு சின்ன வயசு. என்னம்மா செய்யுதுன்னு அவளக் கேட்டாரு. நான் குறுக்க பூந்து, அவ சொல்ல மாட்டா டாக்டர், நான் காட்டுதேன்னு சொல்லி, லென்ஸ வெளிய எடுத்து, அவள ஸ்டூல்ல உக்கார வச்சு, தோளுல சாச்சுப் பிடிச்சேன். பாத்துக்கிடுங்க டாக்டர், நுனி ஆடுதான்னு கேட்டேன். ஆடுதுன்னாரு. பாத்தியளா, நான் சொல்லல? ஆனா அந்த மனுசன் அவ தோளப் பாக்கல. என் மணிக்கட்டப் பாக்காரு. அண்ணாச்சி, அதக் கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் நீட்டுங்கன்னாரு.

எனக்கில்ல டாக்டர், அவளுக்குன்னேன். தெரியும், சும்மா நீட்டுங்கன்னாரு. டாக்டரு சொன்னா கேக்கணும்லா, நீட்டுனேன். என் வெரலு மேல ஒரு வெள்ளத் தாள எடுத்து வச்சாரு. அது படபடன்னு அடிச்சுக்கிடுது. மேல ஃபேனு ஓடுது தம்பி, தாளு அடிக்காம என்ன செய்யும்? ஃபேனு டாக்டர்னு சொன்னேன். இவ எந்திச்சா. மெதுவாப் போயி, செவத்துல இருந்த சுவிட்ச அமத்துனா. ஃபேனு சுத்திச் சுத்தி நின்னுச்சு. நாங்க மூணு பேரும் பாத்துக்கிட்டே நிக்கோம்.

தாளு நிக்கல.

இந்தக் காலத்து டாக்டருக்கு என்ன தெரியுது? நோயாளி யாருன்னே தெரியல. அவளக் கூட்டிட்டுப் போனா, என்னைய நடக்கச் சொல்லுதாரு, வெரலால மூக்கத் தொடச் சொல்லுதாரு, டம்ளருல தண்ணிய ஊத்திக் குடிக்கச் சொல்லுதாரு. பொறவு என்னைய விட்டுட்டு அவகிட்ட கேக்காரு, எவ்வளவு நாளாம்மா இருக்குன்னு. இவ சொல்லுதா, ரெண்டு வருசம் இருக்கும் டாக்டர், அந்த வருசம் பறவ வந்தப்ப இருந்து, எனக்குத் தோளுல தெரியும்ங்கா. அவியகிட்ட ஏம்மா சொல்லலன்னு கேட்டாரு. நாந்தான் அசையுதேன்னு நெனச்சிட்டாவ, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்னா.

கேட்டியளா கதைய? அப்ப இவ என்னைய ஏமாத்தியிருக்கா. அசைஞ்சிருப்பேன் போலன்னு சொன்னா பாருங்க, அது பொய்யி. எத்தன வருசம் குடும்பம் நடத்துதோம், என்கிட்ட பொய் சொல்லியிருக்கா. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்ல.

டாக்டரு மாத்திர எழுதுனாரு. எம் பேருல. கொறையும் அண்ணாச்சி, ஆனா முழுசாப் போவாதுன்னாரு. இனிமே இவ்வளவு கனத்தக் கையில பிடிக்க வேண்டாம், ஸ்டாண்டு வச்சு எடுங்கன்னாரு. என்கிட்ட சொல்லுதாரு, ஸ்டாண்டு. வெறுங்கை முத்துகிட்ட. நான் வாயத் தொறக்கதுக்குள்ள இவ முந்திக்கிட்டு, இருவது வருசமா ஸ்டாண்டு வச்சுத்தான் எடுக்காவ டாக்டர்னு சொல்லிட்டா. சொல்லிட்டுச் சிரிச்சா. டாக்டரும் சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல, நானும் சிரிச்சு வச்சேன். பொறவுதான் ஒறைச்சுது.

அன்னைக்கி காத்து இல்ல தம்பி. மடையில வச்சு எடுத்தேம்லா, அன்னைக்கி. தண்ணி பாட்டுக்கு அசையாம கெடந்துச்சு. ஒரு எல ஆடல. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்னு வச்சுக்கிடுங்களேன். வீட்டுக்குப் போயி, நீ காச்சல்ல படுத்ததுனாலதான் இப்படி ஆச்சுன்னு அவளத் திட்டுனேன்.

வெளிய வந்தோம். ஆஸ்பத்திரி கேட்டு பக்கத்துல ஒரு வேப்ப மரம், கீழ ஆட்டோக்காரங்க நிக்காவ. எனக்கு அடக்க முடியல. அங்கனயே பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு வருசமாத் தெரிஞ்சவ வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தன்னு கேட்டேன். ஊரு முன்னால உன்னைய எம்புட்டுப் பேச்சு பேசியிருக்கேன், மூதேவின்னு சொல்லியிருக்கேன், பனந்தடியில சாச்சு உக்கார வச்சிருக்கேன், காச்சல்காரிய ஏசியிருக்கேன், எல்லாத்தையும் எதுக்குளா வாங்கிக் கட்டிக்கிட்டன்னு கேட்டேன். ஆட்டோக்காரங்க எல்லாரும் பாக்காவ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, அது வேற.

அவ மாத்திரப் பைய இடுப்புல செருகிக்கிட்டு நின்னா. நான் முடிக்கட்டும்னு நின்னா. பொறவு சாவகாசமாச் சொல்லுதா. என்னையத் திட்டுதப்ப உங்களுக்குக் கை ஞாவகம் வராது. அதுக்குத்தான் வாங்கிக்கிட்டேன்னா.

அவ்ளதான் சொன்னா. பஸ் வந்துட்டு, ஏறிட்டோம். அவ முன்னால போயி உக்காந்துக்கிட்டா.

நானும் ஏறுனதுல இருந்து யோசிக்கேன். மாத்திர இருக்கு, போட்டுக்கிடலாம். ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிக்கிடலாம், யாரு சிரிச்சா என்ன. நித்திலாவுக்குப் போனப் போட்டு, என்னால முடியலம்மா, வேற ஆளப் பாருன்னு சொல்லிரலாம். நல்ல பொண்ணு, வருத்தப்படும், அவ்ளதான். எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு. ஆனா நாளைக்கிக் காலையில எந்திப்பேம்லா. டம்ளரத் தூக்குவேம்லா. கை ஆடும். பாத்தா எனக்குப் பயமா இருக்கும் தம்பி. இப்பவே பயமாத்தான் இருக்கு. அவளப் பாத்தா, அவ என்னையவே பாத்துக்கிட்டு நிப்பா, தெரிஞ்சவளா நிப்பா.

நீங்களே சொல்லுங்க. நான் இனிமே யாரத் திட்டுவேன்?